தனபாலன் விழுந்த பக்கம்

உள்ளே தள்ளி உட்காருங்கள், தம்பி. அந்த ஓரத்தில் சாரல் அடிக்கும். பீடோர் பக்கம் மழை கேட்டுக்கொண்டு வராது. இந்த நிறுத்தத்தில் பஸ் நின்று எத்தனையோ வருடமாயிற்று. கூரை மட்டும் நல்ல கூரை. மோட்டார்காரனுக்கு அது போதும்.

ஈப்போவுக்கா? நானும் வடக்கேதான் போய்க்கொண்டிருந்தேன். லாவோஸுக்கு. சிரிக்காதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன். மோட்டார் சைக்கிள் பெட்டியில் ஒட்டியிருக்கிற கொடிகளைப் பாருங்கள். தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ், வியட்நாம். எல்லாம் இந்த மோட்டார் மிதித்த நாடுகள். கடையில் வாங்கி ஒட்டியவை அல்ல. கிள்ளானில் எங்கள் மோட்டார் கிளப்பில் போய் ரெங்கசாமி என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. கேப்டன் என்று கேளுங்கள், தெரியும். தெரிந்திருந்தது.

மோட்டாரின் பக்கக் கண்ணாடி இரண்டையும் ஏன் மடக்கி வைத்திருக்கிறேன் என்று பார்க்கிறீர்கள். காற்றுக்காக. வேகமாகப் போனால் கண்ணாடி காற்றைப் பிடித்து இழுக்கும். வேறொன்றும் இல்லை.

ரோட்டைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். நாட்டுக்கு நாடு தார் மாறாது, மரியாதைதான் மாறும். தாய்லாந்தில் ஹார்ன் அடித்தால் திட்டுகிறீர்கள் என்று பொருள், திரும்பிப் பார்ப்பான். வியட்நாமில் ஹார்ன் அடித்தால் நான் இங்கே இருக்கிறேன் என்று பொருள், திரும்பியே பார்க்க மாட்டான். கம்போடியாவில் மாட்டுக்கு வழி விட வேண்டும். லாவோஸில் மாட்டுக்கும் வழி விட வேண்டும், மாடு மனசு மாறித் திரும்பி வருவதற்கும் காத்திருக்க வேண்டும். நம் ஊரில்? நம் ஊரில் லோரிக்கு வழி விட்டால் வீடு போய்ச் சேரலாம்.

கூட்டமாகப் போகிற சவாரியை நாங்கள் கான்வாய் என்போம். முன்னால் போகிறவன் கேப்டன், கடைசியில் வருகிறவன் ஸ்வீப்பர். ஸ்வீப்பருக்குப் பின்னால் நம் ஆள் ஒருவர்கூட இருக்கக் கூடாது. யாருக்காவது டயர் பஞ்சரானால், வயிற்றைக் கலக்கினால், ஒதுங்கி நிற்பது அவன்தான். என் கான்வாயில் ஒரே சட்டம். முன்னால் போகிறவன் பின்விளக்கைப் பார், அது போகிற வழியில் போ. யோசிக்காதே, யோசிப்பது என் வேலை. இந்தச் சட்டத்தை வைத்துத்தான் எத்தனையோ பேரைக் கூட்டிப் போய் முழுசாகத் திருப்பிக் கொண்டுவந்தேன். தனபாலனைத் தவிர.

தனபாலன்தான் என் ஸ்வீப்பர். கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். வானத்தில் உட்கார்ந்து பெட்டிகளைத் தூக்கி வைக்கிற வேலை. அவன் மோட்டாரின் முன்பக்கம் இரண்டு மஞ்சள் விளக்குகளை அவனே பூட்டியிருந்தான். மலைப்பாதையில் கண்ணாடியைப் பார்ப்பேன். கடைசியில் அந்த இரண்டு மஞ்சளும் தெரிந்தால் கான்வாய் முழுசாக இருக்கிறது என்று பொருள். ஆளை எண்ண வேண்டியதே இல்லை.

வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் சொன்னான், “கேப்டன் முன்னாடி போயி நாலு நாட்டையும் பாத்துட்டாரு. நான் நாலு நாட்டுலயும் இவனுங்க முதுகைத்தான் பாத்தேன்.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தாய்லாந்து வரைக்கும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். மேக்கோங் ஆற்றுப் பாலம் தாண்டினால் லாவோஸ். அங்கே வலது பக்கம். பாலம் முடிகிற இடத்தில் ரோடே குறுக்கே வெட்டி உங்களை அந்தப் பக்கம் தள்ளிவிடும். அங்கே யாரும் தப்புச் செய்வதில்லை. பயம் இருக்கிறது, பலகை இருக்கிறது, முன்னால் வண்டி இருக்கிறது. தப்பு எப்போது வரும் தெரியுமா? வயிறு நிறைந்த பிறகு. ஒரு கடையில் நிறுத்துகிறீர்கள், சாப்பிடுகிறீர்கள், சிரிக்கிறீர்கள். மறுபடி ஏறும்போது ரோடு காலியாக இருந்தால், கை தானாகப் பழைய பக்கத்துக்குத் திருப்பிவிடும். எதிரே வண்டி வந்தால் புத்தி வரும். காலி ரோடுதான் ஆபத்து. இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அன்றைக்கும் அப்படி ஒரு கடைதான். சுண்ணாம்பு மலைகளுக்கு நடுவில் ரோடு. போகிற வழிக்கு இடது பக்கத்தில் ஒரு மீ சூப் கடை, நூடுல்ஸ் சூப் விற்கிற கடை. கடைக்கார அம்மாளுக்கு எங்களைப் பிடித்துப்போய்விட்டது. அந்த ஊரில் பிரயாணம் போகிறவர்களின் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டுவார்கள், உயிர் உடம்பை விட்டு வழியில் எங்கும் தங்கிவிடாமல் இருக்க. எல்லோருக்கும் கட்டிவிட்டாள். நான் கட்டிக்கொள்ளவில்லை. கையுறைக்குள் இடைஞ்சல்.

மோட்டார்களைக் கிளப்பினோம். தனபாலன் மட்டும் கடைக்குள் நின்றான். வீட்டுக்காரிக்கு ஒரு நூல் வேண்டுமாம். கடைக்கார அம்மாளுக்கு அது புரியவில்லை. ஆள் இல்லாமல் நூல் எப்படிக் கட்டுவது? இவன் கையைக் காட்டுகிறான், தாலியைக் காட்டுவது மாதிரிக் கழுத்தைக் காட்டுகிறான், தெற்கே கையை நீட்டுகிறான். நான் காத்திருக்கவில்லை. ஸ்வீப்பர் பின்னால் வருவான், அதுதானே அவன் வேலை.

ரோட்டுக்கு ஏறினேன். எனக்குப் பின்னால் ஒவ்வொருவராக ஏறினார்கள். ஒரு வளைவு தாண்டியதும் எதிரே ஒரு கிழவன் வாத்துக் கூடையோடு மோட்டாரில் நேராக வந்தான். என்னைப் பார்த்து விளக்கை அடித்தான். சிரித்தான்கூட. நான் மெதுவாக வலது பக்கம் ஒதுங்கிக்கொண்டேன். பின்னால் இருந்தவர்களும் சாரைப்பாம்பு மாதிரி ஒதுங்கிக்கொண்டார்கள். அவ்வளவுதான். இது யாருக்கும் நடக்கிறது. பக்கம் மாறினால் கேப்டன் கையை உயர்த்திக் காட்ட வேண்டும், ஒவ்வொருவராகப் பின்னால் காட்டிக்கொண்டே போக வேண்டும், இல்லையென்றால் நிறுத்திக் கடைசி ஆள் வரும்வரை நிற்க வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. அது பெரிய விஷயங்களுக்கு. ஒரு சின்ன ஒதுங்கலுக்குக் கையைத் தூக்கினால் ஆளாளுக்கு, கேப்டனே பக்கம் மாறிப் போனாரா என்று பேச ஆரம்பிப்பார்கள். கேப்டன் மேல் சந்தேகம் வந்துவிட்டால் அப்புறம் கான்வாய் இல்லை, சந்தை.

கண்ணாடியில் பார்த்தேன். தூரத்தில், வளைவில், இரண்டு மஞ்சள் விளக்கும் வந்தன. அவனுக்கு முன்னே ஏறிய கடைசி ஆளைப் பார்த்து அவனும் ஏறியிருக்க வேண்டும். எங்களைப் பிடிக்க வேகமாக வந்தான். எந்தப் பக்கம் வந்தான் என்று கேட்காதீர்கள். கண்ணாடியில் எல்லாமே பக்கம் மாறித்தானே தெரியும்? அப்புறம் எதிரே வந்த ஒரு மரலோரி என்னைக் கடந்து போனது. அப்புறம் கண்ணாடியில் மஞ்சள் இல்லை.

சத்தத்தைச் சொல்ல வேண்டாம்.

லோரிக்காரன் இறங்கி ரோட்டில் உட்கார்ந்து அழுதான். போலீஸ்காரர் ஒருவர் வந்தார். எனக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு என் மொழி தெரியாது. மண்ணில் குச்சியால் ரோட்டை வரைந்தேன். எங்கள் மோட்டார்களை வலது பக்கம் வரைந்தேன், தனபாலனையும் வலது பக்கம் வரைந்தேன், லோரி குறுக்கே வந்ததாகக் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். பிறகு காலால் படத்தை அழித்துவிட்டு லோரிக்காரனுக்குத் தண்ணீர் கொடுத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அந்த ஊர் வழக்கமாக இருக்கும்.

நான் ஏன் அப்படி வரைந்தேன்? நீங்களே யோசித்துப் பாருங்கள். இத்தனை நாட்டில் ஓட்டியவன், கடைசியில் தப்பான பக்கம் ஏறிச் செத்தான் என்று ஊர் பேசலாமா? கிளப்பில் அவன் படத்தை மாட்டி வைத்திருக்கிறார்கள். படத்துக்குக் கீழே நின்று நாலு பேர் சிரிக்கலாமா? அவன் மரியாதைக்காகத்தான். அவன் வீட்டுக்காரி இந்திராணிக்கும் போனில் அதையேதான் சொன்னேன். அவன் சரியாகத்தான் வந்தான்மா, லோரிதான் பக்கம் மாறியது என்று. அவள் அழுது முடித்துவிட்டு ஒன்று கேட்டாள்.

“அண்ணே, அவரு விழுந்த எடத்துல ஒரு பிடி மண்ணு எடுத்துட்டு வாங்க. வழியில ஆறு, பாலம் எது வந்தாலும் பேரு சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே வாங்க. இல்லன்னா அவருக்கு வழி தெரியாது.”

அது அவர்கள் வீட்டு வழக்கம். ரோட்டில் போன உயிர் ரோட்டிலேயே நிற்குமாம். விழுந்த இடத்து மண்ணோடுதான் வீட்டுக்கு வருமாம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, தம்பி. ஆனாலும் செய்தேன். உடம்பை வேனில் அனுப்பிவிட்டு, மறுநாள் காலை அந்த இடத்தில் நிறுத்தி, குனிந்து, ஒரு பிடி மண் எடுத்துத் துணியில் முடிந்தேன்.

எங்கள் கான்வாயில் ஒரு டீச்சர் உண்டு, புஷ்பலீலா என்று. காப்பார் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை. நல்ல ஓட்டம், ஆனால் எதற்கும் ஒரு கேள்வி. நான் மண் எடுப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கிட்டே வந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்.

“கேப்டன், ரத்தம் அந்தப் பக்கம்ல இருக்கு.”

ஒரே ரோடுதான் டீச்சர், எந்தப் பக்கம் எடுத்தாலும் ஒரே மண்தான் என்றேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் ஒரு பக்கம் சொல்லிவிட்டு மறுநாள் இன்னொரு பக்கம் போய்க் குனிய முடியுமா? டீச்சர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டாள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டேனா என்று கேளுங்கள். கூப்பிட்டேன். மேக்கோங் பாலத்தில் காவலர்கள் பார்க்கப் பார்க்க, தனபாலா வாடா வீட்டுக்கு என்று சத்தமாகச் சொன்னேன். தாய்லாந்து முழுக்கப் பாலம்தான், கால்வாய்க்கு ஒரு பாலம், வாய்க்காலுக்கு ஒரு பாலம். ஒன்றைக்கூட விடவில்லை. தொண்டை கட்டிப்போய்ச் சொந்த நாட்டுக்குள் வந்து சேர்ந்தேன். மண்ணை இந்திராணி கையில் கொடுத்தேன். பதினாறாம் நாள் காரியத்தில் அதை வைத்துப் படைத்தார்கள். எல்லாம் முறைப்படி முடிந்தது.

முடிந்தது என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நாள் கழித்து அவள் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். போனேன். தேநீர் கொடுத்தாள். அப்புறம் சொன்னாள், “அண்ணே, அவரு வரல.”

கனவில் வருகிறானாம். வீட்டுக்குள் இல்லை. ஒரு ரோட்டுக்கு எதிர்ப் பக்கம் நிற்கிறானாம், தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. இவள் இந்தப் பக்கம் நிற்கிறாள். வா என்கிறாள். அவன் கடக்கப் பார்க்கிறான். இடது பக்கம் பார்க்கிறான், வலது பக்கம் பார்க்கிறான், மறுபடி இடது. எந்தப் பக்கத்திலிருந்து வண்டி வரும் என்று அவனுக்குத் தெரியவில்லையாம். ரோட்டில் ஒரு வண்டியும் இல்லையாம், தம்பி. காலி ரோடு. ஆனாலும் காலை எடுத்து வைக்க மாட்டேன் என்கிறானாம்.

மனசு அலைகிறதும்மா, கோயிலுக்குப் போய்வா என்றேன். வேறென்ன சொல்ல?

எனக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. ஒருமுறை குவாந்தான் போகிற வழியில் கண்ணாடியில் இரண்டு மஞ்சள் விளக்கு தெரிந்தது. எத்தனையோ வண்டியில் மஞ்சள் விளக்கு இருக்கிறது. நான் மெதுவாகப் போனேன், அது முந்தவில்லை. நிறுத்தினேன், அதுவும் நின்றது. திரும்பிப் பார்த்தால் ரோடு மட்டும்தான். வெயில் நேரத்தில் தார் மினுங்கும், அப்படித் தெரியும். அப்புறம் ரவுப் ஊருக்குப் போகும்போதும் தெரிந்தது. அப்புறம் கிள்ளானுக்குள்ளேயே, சந்தைக்குப் போகும்போது. இடது பக்கமும் இல்லை, வலது பக்கமும் இல்லை. நடுரோட்டில், கோட்டின் மேலேயே வரும். கண்ணாடியை மடக்கியது அதற்காக இல்லை. அது காற்றுக்காக என்று முன்னமே சொன்னேன்.

பிறகு கிளப்பில் என்னென்னவோ நடந்தது. யாரும் எதுவும் நேரில் கேட்கவில்லை. அடுத்த சவாரிக்கு முன்னால் போவது யார் என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் தேநீர்க் கோப்பையைப் பார்த்தார்கள். டீச்சர் முன்னால் போகட்டும் என்று ஒருவன் சொன்னான். அந்தப் பெண் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நேற்று மோட்டாருக்கு எண்ணெய் மாற்றப் போனேன். மெக்கானிக்தான் சொன்னான். டீச்சர் மூன்று நாளைக்கு முன்னாலேயே லாவோஸுக்குக் கிளம்பிவிட்டாளாம், பின்னால் இந்திராணியை ஏற்றிக்கொண்டு. இந்திராணி! சந்தைக்குப் போகவே மோட்டாரில் ஏறப் பயப்படுகிறவள். ரெண்டு பெண்கள், அத்தனை தூரம், மண் எடுக்க. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழி தெரிந்தவன் நான். இடம் தெரிந்தவன் நான். வழியில் கோயில் கோயிலாக நிறுத்திப் போவார்கள், நான் நிறுத்தாமல் போனால் மேக்கோங் பாலத்துக்கு முன்னால் பிடித்துவிடலாம் என்று நினைத்து இன்றைக்குக் கிளம்பினேன். அவர்களுக்கு முன்னால் அந்த இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். எதற்கு என்றால், சரியான இடத்தைக் காட்டத்தான். வேறெதற்கு?

பீடோரில் மழை பிடித்தது. இங்கே ஒதுங்கினேன். நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது. இந்திராணி.

“அண்ணே, நான் அவரு விழுந்த எடத்துல நிக்கிறேன்.”

அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கோயில் எங்கேயும் நிறுத்தவில்லை போலிருக்கிறது. எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று கேட்டேன். வாயில் அதுதான் வந்தது.

கடைப் பக்கம் என்றாள். கடைக்கார அம்மாள் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்க் காட்டினாளாம். அங்கே ஒரு மரத்தில் வெள்ளை நூல் சுற்றி, கீழே ஒரு சின்னப் பலகை போட்டு, தினமும் தண்ணீரும் ஒரு உருண்டைச் சோறும் வைக்கிறாளாம். “பேரு கூடத் தெரியாதுண்ணே அவங்களுக்கு. நான்தான் இப்ப சொல்லிக் குடுத்தேன். தன, பால, தன, பாலன்னு சொல்லிப் பாக்குறாங்க.”

நல்லதும்மா என்றேன்.

“நீங்க மண்ணு எடுத்தது எதிர்ப் பக்கமா?”

ஒரே ரோடுதானேம்மா என்றேன்.

அங்கே ஏதோ லோரி போகிற சத்தம் கேட்டது. பிறகு நிதானமாகக் கேட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஆறுதல் சொல்லியிருப்பேன்.

“முன்னால போற வெளக்கைப் பாத்துப் போன்னு நீங்கதான் அவருக்குச் சொல்லிக் குடுத்தீங்க. அவரு அதை மீறவே மாட்டாரு. அன்னைக்கு அந்த வெளக்கு எந்தப் பக்கம் ஏறுச்சு, அண்ணே?”

இந்தக் கூரையில் மழை எப்படி அடிக்கிறது, நீங்களே பார்க்கிறீர்கள். கேட்கவில்லைம்மா என்றேன். மழைம்மா, கேட்கவில்லை, சரியாகக் கேட்கவில்லை. அவள் மறுபடி கேட்கவில்லை.

“சரிண்ணே. நான் கூப்பிட்டுட்டேன். எங்கூட வர்றாரு. நீங்க வர வேணாம்.”

வைத்துவிட்டாள்.

இது பேசுகிற பேச்சா, சொல்லுங்கள். ஒவ்வொரு பாலத்திலும் நின்று அவன் பெயரைக் கத்தியவன் நான். தொண்டை கட்டிப்போய் வந்தவன் நான். எனக்கு வர வேணாமாம். யார் இப்போது அவளுக்கு வழி சொல்லித் திருப்பிக் கொண்டுவருவது, அந்த டீச்சரா? கொண்டுவந்துவிடுவாள். அவள் கையைக் காட்டாமல் பக்கம் மாற மாட்டாள். அது எனக்குத் தெரியும்.

மழை விட்டுவிட்டது, பாருங்கள். நான் பேசியதில் கவனிக்கவில்லை.

நீங்கள் கிளம்புங்கள். இல்லை, இருங்கள், நானும் வருகிறேன். வடக்கே எனக்கு இனி வேலை இல்லை, ஆனாலும் ஈப்போ வரைக்கும் வருகிறேன். தெற்கே போனாலும் வீட்டில் என்ன இருக்கிறது. நீங்கள் முன்னால் போங்கள். மெதுவாகவே போங்கள், உங்கள் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டு நான் பின்னால் வருகிறேன். ஆமாம், நான்தான் பின்னால்.

ரோட்டைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரு வண்டி கிடையாது. கழுவி விட்டது மாதிரிக் காலியாகக் கிடக்கிறது.

நம் நாட்டில் இடது பக்கம்தானே, தம்பி? தெரியும். எனக்குத் தெரியாமலா. சும்மா, நீங்கள் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள்.